துறைகள் கடந்து தொழில்கள் கைகோப்பது எப்படி: திருப்பூரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நீடித்த வளர்ச்சி, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி ஆகிய சொற்கள் இடம்பெறாத ஆண்டறிக்கையை இன்று பார்ப்பது அரிது. ஆனால் ஓர் ஆற்றில் கலந்த உப்பையோ, ஓர் ஊரின் குடிநீர்ப் பற்றாக்குறையையோ, இரவு எட்டு மணி தாண்டியும் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியையோ எந்த நிறுவனமும் தன் மதில் சுவருக்குள் இருந்தபடி தனியாகத் தீர்த்துவிட முடியாது. பக்கத்து ஆலை, பொருளை வாங்குபவர், கடன் தரும் வங்கி, உள்ளாட்சி, தொழிற்சங்கம், அண்டை விவசாயி என்று பலரும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். அவர்களை வரவழைப்பதும், வந்தவர்களை எழுந்து போகாமல் வைத்திருப்பதும் எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாகத் திருப்பூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த நகரம், கூட்டாகச் செயல்படாததால் வந்த இழப்பையும் கூட்டாகச் செயல்பட்டதால் கிடைத்த பலனையும் ஒரே தலைமுறையில் பார்த்துவிட்டது. அங்கே கைகொடுத்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஓர் அளவுமானி இருந்தது, ஒரு கட்டணம் இருந்தது, மீறினால் என்ன ஆகும் என்பது எழுத்தில் இருந்தது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்கியவை முதல் நெருக்கடியைத் தாண்டவில்லை. கீழே வரும் படிகள் அனைத்தையும் இந்தக் கோணத்திலிருந்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: பிரச்சினையைப் பாதிக்கப்பட்டவரின் இடத்திலிருந்து வரையறுங்கள்

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் சாயம்) ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பு சேர்க்க வேண்டும். சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது அந்த உப்புதான். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது, ஆனால் உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. 1990களில் திருப்பூரில் அமைந்த முதல் தலைமுறைச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் போன்றவற்றைக் கொண்டு நிறத்தையும் அங்ககக் கழிவையும் குறைத்தன. வெளியேறிய நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தது, கரைந்த உப்பு மட்டும் அப்படியே இருந்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை அந்தத் தொழில்நுட்பத்தால் தொடவே முடியாது.

அந்த உப்பெல்லாம் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கரையோரக் கிணறுகள் உவர்ந்தன, தென்னை காய்ந்தது, கால்நடைகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன. சுத்திகரிப்பு நிலையம் கட்டிய ஆலை உரிமையாளர்களோ, தங்கள் கடமையைச் செய்துவிட்டதாகவே நினைத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் கருவியால் எதை நீக்க முடியுமோ அதையே பிரச்சினை என்று வரையறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் கூட்டு முயற்சியின் முதல் ஆவணம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பாதிப்பு என்ன, அது யாருடைய நிலத்தில் அல்லது வீட்டில் தெரிகிறது, எந்த அளவீட்டால் அதைச் சொல்வது, இன்றைய அளவு என்ன, எந்த அளவுக்கு வந்தால் தீர்ந்ததாக ஒப்புக்கொள்வது ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்கான விடையை நிறுவனங்கள் எழுதக் கூடாது. “உங்கள் கிணற்றில் எது மாறினால் நீங்கள் சரி என்பீர்கள்?” என்று பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீர் சார்ந்த பிரச்சினையானால் கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறையும் மாதிரி எடுக்காமல் அடிப்படை அளவைத் தீர்மானிக்காதீர்கள். மழைக்காலத்து மாதிரி எல்லோரையும் நல்லவர்களாகக் காட்டிவிடும்.

படி 2: யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

பங்காளிகளைத் தேடும்போது பெரும்பாலானவர்கள் தமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களையே அழைக்கிறார்கள். ஏற்றுமதியாளர் சங்கம் ஏற்றுமதியாளர்களைக் கூட்டுகிறது, சாய ஆலைச் சங்கம் சாய ஆலைகளைக் கூட்டுகிறது. இது துறைகள் கடந்த கூட்டு ஆகாது. பிரச்சினை நகரும் பாதையைப் பின்தொடர்ந்து போனால் ஆட்கள் தாமாகவே தெரியவருவார்கள். ஒரு டி-ஷர்ட்டின் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பிராண்டு நிறத்தையும் விலையையும் தீர்மானிக்கிறது. ஏற்றுமதியாளர் ஆர்டரைப் பெறுகிறார். நிட்டிங் (துணி பின்னுதல்), சாயம், காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்துதல்), எம்பிராய்டரி என ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக, தனித்தனிச் சிறு அலகுகளுக்குப் போகிறது. கழிவுநீர் சாய ஆலையின் குழாயிலிருந்து வெளிவருகிறது.

குழாய் யாருடையதோ அவரே குற்றவாளி என்று சட்டம் பார்த்தது, சட்டப்படி அது சரியே. ஆனால் சுத்திகரிப்புக்கான செலவைத் தாங்கும் லாபம் சங்கிலியின் மேல்முனையில் இருந்தது, கழிவுநீர் கீழ்முனையில் இருந்தது. சாயக் கூலியைக் கிலோவுக்குச் சில ரூபாய் ஏற்றித் தர மேலே இருப்பவர்கள் மறுத்தால், கீழே இருப்பவர் இரவில் வால்வைத் திறந்துவிடும் ஆசைக்கு ஆளாவது வியப்பில்லை. திருப்பூர் விவகாரத்தில் மிகத் தாமதமாகப் பேசப்பட்ட விஷயம் இதுவே என்பது என் கருத்து. வழக்குகள் சாய ஆலைகளுக்கும் விவசாயிகளுக்கும் இடையில் நடந்தன, துணியின் விலையைத் தீர்மானித்தவர்கள் அந்த அறையில் இல்லை.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதுங்கள். அவர் எதை இழந்துகொண்டிருக்கிறார், அவரிடம் மட்டும் உள்ள அதிகாரம் அல்லது பொருள் எது, அவர் விலகினால் திட்டம் எந்த இடத்தில் நிற்கும்? மூன்றாவது கேள்விக்கு “எங்கும் நிற்காது” என்று விடை வருமானால், அவரை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம், நிர்வாகக் குழுவில் தேவையில்லை. மாறாக, இழப்பு பெரிதாகவும் அதிகாரம் சிறிதாகவும் உள்ளவர்களுக்கு, அதாவது விவசாயிகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் போன்றோருக்கு, இருக்கை தருவது முதல் நாளிலிருந்தே விதியாக இருக்க வேண்டும்.

அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நொய்யலே சான்று. 2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன நில உரிமையாளர்கள்) சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.80 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இதற்கென அமைந்த ஆணையம் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஆற்றை மாசுபடுத்துவதை நிறுத்த 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. கெடு நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. முறையாக நடந்துகொண்ட ஆலைக்கும் மீறிய ஆலைக்கும் ஒரே பூட்டு. விவசாயிக்குக் கிடைத்தது சொற்பம், தொழிலுக்கு ஏற்பட்ட நட்டம் மிகப் பெரிது. இரு தரப்பும் தோற்ற இந்தக் கணக்கை உங்கள் முதல் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள், வேறு சொற்பொழிவு தேவைப்படாது.

படி 3: சட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தம் புகைப்படத்துக்கு நல்லது. பணமும் பொறுப்பும் கைமாறும் எந்த வேலைக்கும் அது போதாது. சொத்து உருவாகப்போகிறது என்றால் உறுப்பினர்களே பங்குதாரர்களாக உள்ள தனி நிறுவனம் ஒன்றை அமைப்பது நடைமுறைக்கு உகந்தது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அப்படித்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு நிலையமும் ஒரு கம்பெனி, அதில் இணைந்த சாய ஆலைகள் பங்குதாரர்கள், ஒவ்வோர் ஆலைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு கழிவுநீர் என்று ஒதுக்கீடு உண்டு. லாப நோக்கமற்ற பணிகளுக்குக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் நிறுவனம் அமைக்கலாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அடிக்கடி இடறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே திட்டத்தை நடத்த விதிகள் இடம் தருகின்றன, ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தனியே கணக்குக் காட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும். வேறொரு சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியுள்ள செயலை இந்தக் கணக்கில் எழுத முடியாது. எனவே உங்கள் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிப்பது சமூகப் பொறுப்பு ஆகாது, அது உங்கள் கடமை. உங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் திட்டமும் சேராது. செயல்படுத்தும் அறக்கட்டளை மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

போட்டியாளர்கள் ஒன்றுகூடும் மேசையில் விற்பனை விலை, ஆர்டர் பங்கீடு ஆகியவற்றைப் பேசக் கூடாது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தண்ணீர், கழிவு, பயிற்சி, பாதுகாப்பு ஆகியவற்றோடு நிற்கட்டும். கூட்டக் குறிப்புகளை எழுதி வைப்பதும் இதற்காகவே.

படி 4: பணம் யாருடையது, ஆபத்து யாருடையது என்று பிரியுங்கள்

இங்கே திருப்பூரின் குடிநீர்த் திட்டம் பெரிய பாடம். 1995-ல் அரசு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கின. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாகக் குழாய் பதித்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவருவது திட்டம், செலவு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். ஆலைகளுக்குக் கிலோலிட்டருக்கு 45 ரூபாய், நகராட்சிக்கு 5 ரூபாய் என்ற அளவில் கட்டணம் வகுக்கப்பட்டது. ஆலைகள் தரும் கூடுதல் கட்டணத்தால் வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மலிவாகத் தண்ணீர் கிடைக்கும். உள்ளடக்கிய வளர்ச்சியை விலைப்பட்டியலிலேயே எழுதிவைத்த, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. வருவாயில் பெரும்பகுதி ஒரே தொழிலின் தாகத்தை நம்பியிருந்தது. ஆலைகளின் தேவை எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. 2011-ல் சாய ஆலைகள் மூடப்பட்டபோது அந்த விலைக்குத் தண்ணீர் வாங்க ஆள் இல்லை. பிறகு முழுமையான மறுசுழற்சி வந்ததும், ஆலைகள் தங்கள் கழிவுநீரையே சுத்தப்படுத்தித் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. சுற்றுச்சூழலுக்கு அது நல்ல செய்தி, தண்ணீர் விற்ற கழகத்துக்கு வருவாய் இழப்பு. ஒரே ஊரின் இரண்டு நல்ல திட்டங்கள் ஒன்றின் அடித்தளத்தை மற்றொன்று அரித்தன.

எனவே நிதித் திட்டம் வரையும்போது, உங்கள் திட்டம் வெற்றி பெற்றால் யாருடைய வருவாய் குறையும் என்று கேளுங்கள். முதலீட்டுச் செலவை மானியம், கடன், உறுப்பினர் பங்கு என்று பிரிக்கலாம். நடப்புச் செலவைக் கட்டணத்தின் மூலமே ஈட்ட வேண்டும், அதை மானியத்தில் நடத்த முயன்றால் மானியம் நிற்கும் மாதத்தில் பம்பும் நிற்கும். கட்டணத்தில் ஒரு பகுதி, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் செலுத்த வேண்டிய நிலைத் தொகையாக இருக்கட்டும். உறுப்பினர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் கடன் தவணை எப்படிக் கட்டப்படும் என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

படி 5: அளவுமானி வையுங்கள், அதன் அளவை வெளியிடுங்கள்

இன்று திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பூஜ்ஜிய வெளியேற்ற முறையில், அதாவது கழிவுநீரை வெளியே விடாத முறையில், இயங்குகின்றன. ஒவ்வொரு சாய ஆலையின் வெளிக்குழாயிலும் அளவுமானி இருக்கிறது. அங்கிருந்து வரும் நீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிகளிலும், பின் சவ்வு வடிகட்டிகளிலும், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. அடுக்குகளிலும் கடந்து, நல்ல நீராக ஆலைக்கே திரும்புகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கிகள் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தெடுக்கின்றன. செலவு கூடுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான், மின்சாரமும் விறகும் அங்கேதான் தீர்கின்றன. அருள்புரம் நிலையத்தில் முன்னெடுக்கப்பட்ட முறை இதை எளிதாக்கியது. உப்புநீர் முழுவதையும் கொதிக்கவைப்பதற்குப் பதிலாக, அதைச் சுத்தப்படுத்தி அப்படியே சாயத்தொட்டிக்கு அனுப்பினார்கள். சாயம் ஏற்ற எப்படியும் உப்பு வேண்டும் அல்லவா? துணியின் ஷேடு (நிறச் சாயல்) மாறிவிடுமோ என்பதுதான் ஒவ்வொரு டையிங் மாஸ்டரும் எழுப்பக்கூடிய முதல் கேள்வி. அதற்கு விடை சோதனைத் தொட்டியில்தான் கிடைக்கும், பேச்சில் கிடைக்காது. புதிய முறை எதையும் ஒரு நிலையத்தில் சோதித்துக் காட்டிவிட்டு, மற்றவர்களை நேரில் வந்து பார்க்கச் சொல்வதே நம்பிக்கை வளர்க்கும் வழி.

அளவுமானியின் எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போவது மட்டும் போதாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஊராட்சிக்கும் அது மாதந்தோறும் போக வேண்டும், தமிழில், ஒரே பக்கத்தில். அவர்கள் பெயரிடும் ஆய்வகத்தில் ஆண்டுக்கு இரு முறை மாதிரியைச் சோதிக்கும் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். நிறுவனங்கள் இந்த இடத்தில் தயங்கும். தயங்கினாலும் விட்டுக்கொடுக்க முடியாத விதி இது.

படி 6: உழைப்பவரையும் சிறு அலகையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள்

மூன்று இடங்களில் இதை உடனே தொடங்கலாம்.

முதலாவது, கூலி தரும் காலம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006 முதல் சட்டம். தாமதித்தால் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் பின்னர் சேர்ந்துகொண்டது. ஜாப் ஒர்க் அலகுக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் நிறுவனம், கூட்டு நிதியில் எத்தனை மரம் நட்டாலும் உள்ளடக்கிய வளர்ச்சி பற்றிப் பேசத் தகுதியற்றது.

இரண்டாவது, குழந்தைகள் காப்பகம். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது, அதைப் பொது வசதியாகவும் அமைக்கலாம் என்று இடம் தந்தது; அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. தனியாகக் கட்ட இடமில்லாத பத்து அலகுகள் ஒரே தெருவில் ஒன்றைச் சேர்ந்து நடத்தலாம். ஐம்பதுக்குக் குறைவானவர்கள் உள்ள பட்டறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேவை அங்கேதான் கூடுதல். நேரத்தை மட்டும் கவனியுங்கள். மாலை ஐந்தரைக்குப் பூட்டப்படும் காப்பகத்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்க்கும் தாய்க்கு எந்தப் பயனும் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளரின் குழந்தைகள் வருவார்கள் என்றால் ஓர் ஆயாவுக்காவது இந்தி அல்லது ஒடியா தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, புகார் சொல்லும் வழி. 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் உடன்படிக்கையை இதற்கு முன்மாதிரியாகப் படிக்கலாம். பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம், ஓர் ஏற்றுமதி நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள், வெளிநாட்டு பிராண்டுகள் ஆகியவை சேர்ந்து, பணியிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, கையெழுத்திட்டவர்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. தைக்கும் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பவர்கள் நியமிக்கப்பட்டார்கள், வாங்கும் நிறுவனங்களின் வணிகமும் அதோடு பிணைக்கப்பட்டது. ஒரு பெண் தொழிலாளியின் மரணத்துக்குப் பிறகே அது நடந்தது என்பதையும் மறக்கலாகாது.

படி 7: ஒருவரின் கழிவு யாருக்குப் பயன்படும் என்று தேடுங்கள்

டென்மார்க்கின் காலுன்போர்க் நகரில், 1972-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எரித்து வீணாக்கிய வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை எரிபொருளாக வாங்கத் தொடங்கியது. பிறகு மின் நிலையத்தின் நீராவியும் ஜிப்சமும் அவ்வாறே கைமாறின. யாரும் வரைபடம் போட்டுத் தொடங்கியதில்லை, இரண்டிரண்டு நிறுவனங்களாக லாபம் பார்த்துச் செய்த ஒப்பந்தங்கள் பின்னிப் பெருகின. திருப்பூரிலும் சுத்திகரிப்புக் கசடு சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. ஆனால் பல உப்புகள் கலந்த கலவை உப்புக்கு இன்னும் எளிதில் ஆள் கிடைப்பதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிவைத்து மழை படாமல் காக்கிறார்கள். அதற்கு வழி காண்பவர் சாயத் துறைக்கு வெளியிலிருந்து, வேதிப்பொருள் தொழிலிலிருந்தோ கட்டுமானத் தொழிலிலிருந்தோதான் வர வாய்ப்பு அதிகம். உங்கள் பகுதியின் கழிவுகளை அளவு, ஈரம், கலப்படம் ஆகிய விவரங்களோடு பட்டியலிட்டு, வேறு துறைச் சங்கங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

படி 8: விலகும் விதியை முதலிலேயே எழுதுங்கள்

உறவு நன்றாக இருக்கும்போது எழுதப்படாத விதியைச் சண்டையின்போது யாரும் எழுத மாட்டார்கள். ஒதுக்கீட்டை மீறிக் கழிவுநீர் விட்ட உறுப்பினருக்கு முதல் முறை என்ன, மூன்றாம் முறை என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். பூட்டும் அதிகாரம் வாரியத்துக்குப் போவதற்கு முன், குழாயை அடைக்கும் அதிகாரம் கூட்டு நிறுவனத்துக்கே இருக்க வேண்டும். விலகுபவர் தம் பங்கை யாருக்கு விற்கலாம், நிலுவைக் கடனில் அவர் பங்கு என்ன ஆகும், தகராறு வந்தால் எந்த ஊரில் யார் முன்னிலையில் தீர்ப்பது ஆகியவற்றையும் சேருங்கள். உறுப்பினர்களுக்கு இடையிலான தகராறைப் பேசும் குழுவில் கட்டாயம் ஒருவராவது தொழிலுக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

கால அளவைப் பொறுத்தவரை, வரையறை ஆவணத்துக்கும் அடிப்படை அளவீட்டுக்கும் ஓர் ஆண்டு, அதாவது ஒரு கோடையும் ஒரு மழையும் ஒதுக்குங்கள். அந்த ஓராண்டிலேயே காப்பகம், கூலி நாள் போன்ற, இயந்திரம் தேவைப்படாத வேலைகளைத் தொடங்கிவிடலாம், சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் அங்கே வளரும். நிறுவனப் பதிவும் வங்கிப் பேச்சும் அதன் பிறகு. முதல் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் கடைசி பன்னிரண்டு மாத நீர்க் கட்டண ரசீது, மின் கட்டண ரசீது, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே குறிப்பிடுங்கள். கொண்டுவராதவர்கள் யார் என்பதையும் குறித்துவைத்துக்கொண்டு, இரண்டாம் கூட்டத்தின் நாளை அவர்கள் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள்.